அப்பழுக்கில்லாத வெள்ளை

வந்தவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே, "பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும். பின்னால வெள்ளையா இருக்கணும்" என்றார்.

"பேரு சொல்லுங்க சார், கவர்ல எழுதணும்."

"பேரெல்லாம் எதுக்குங்க? போட்டோவுல மூஞ்சிதானே இருக்கப்போகுது?"

புகைப்படக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் யாருடைய முகப்பருவையோ அழித்துக்கொண்டிருந்த அவள், வேலையை நிறுத்திவிட்டு வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பக்கத்தில் அன்றைய செய்தித்தாள் விரிந்து கிடந்தது. 'போலி பாஸ்போர்ட் கும்பல் சிக்கியது. முக்கியப் புள்ளிக்குப் போலீஸ் வலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து கணவனும் மனைவியும் மாறி மாறி அதைத்தான் படித்திருந்தார்கள்.

வந்தவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. தெருவை எட்டிப் பார்த்தார். மேசை இழுப்பறைகளை நோட்டம் விட்டார். "பின்பக்கம் வழி இருக்கா?" என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"இருக்கு சார். எப்பவும் பூட்டித்தான் கிடக்கும்."

புகைப்படக்காரருக்கு இயல்பிலேயே பயந்த சுபாவம். "விளக்கு வயரைக் கொஞ்சம் பிடி" என்று சாக்குச் சொல்லி, மனைவியைத் திரைச்சீலைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"ஆளைப் பாத்தியா?"

"பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நான் உள்ள போய் ஆகவேண்டியதைப் பாக்கறேன். அதுவரைக்கும் அவரை நகர விடாதீங்க. எதையாவது பேசிக்கிட்டே இருங்க."

"என்னத்தைப் பேசறது?"

"உங்க வெள்ளையப் பத்திப் பேசுங்களேன். கல்யாணமான நாள்லேர்ந்து நான் கேட்டுக்கிட்டு இருக்கேன் இல்லையா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் காரியம் முடிவதற்குள் இந்த ஆள் சுதாரித்துக்கொண்டால் இரண்டு பேர் பாடும் திண்டாட்டம்தான். புகைப்படக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வந்தவர் வெள்ளைத் திரையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"முன்னால வாங்க சார். இன்னும் கொஞ்சம். ஒட்டி நின்னா உங்க நிழல் திரையில விழும். வெள்ளை சாம்பலாயிடும்."

"சாம்பலா இருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் எடுங்க."

"அப்படிச் சொல்லாதீங்க சார்."

உண்மையிலேயே அவர் மனம் புண்பட்டுவிட்டது. நேரத்தை இழுக்கத்தான் ஆரம்பித்தார். ஆனால் வெள்ளை என்று வந்துவிட்டால் அவருக்கு எதிரில் நிற்பது யார் என்பதே மறந்துபோகும்.

"முகத்துக்கு ஒரு விளக்கு. திரைக்குத் தனியா அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. முகத்தைவிடத் திரையில வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும். ரொம்பத் தூக்கிட்டோமோ, வெளிச்சம் திரும்பி வந்து தலைமுடியத் தின்னுடும்."

"எனக்கு இருக்கறதே நாலு முடி."

"அந்த நாலும் தெரிய வேணாமா?"

ஆளில்லாத திரையை ஒரு படம் எடுத்துக் காட்டினார். வெளிச்சம் நிரம்பிய இடமெல்லாம், முழு வெள்ளை என்பதற்கு அடையாளமாக, கேமராவில் கண் சிமிட்டியது. கீழ் மூலை மட்டும் சிமிட்டவில்லை. விளக்கை நகர்த்தினார். இப்போது மேல் மூலை அடம்பிடித்தது.

"வெள்ளைன்னா வெள்ளைதானேய்யா!" என்று வந்தவர் பொறுமையிழந்தார்.

"சுண்ணாம்பும் வெள்ளை, பல்லும் வெள்ளை. ரெண்டும் ஒண்ணா சார்?"

ஒருவழியாக எல்லா மூலையும் வழிக்கு வந்தபோது, மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முடிந்தது என்று தலையசைத்தாள். புகைப்படக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் படத்தை எடுத்தார், பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

வந்தவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு, மறுபடி மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"நான் போலீஸ்."

புகைப்படக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். மனைவிதான் சட்டென்று சிரித்தாள்.

"அடக் கடவுளே! நாங்க உங்களைப் போய் வேற மாதிரி நினைச்சிட்டோம் சார். பேரு சொல்ல மாட்டேங்கறீங்க, பின்வாசல் எங்கன்னு கேக்கறீங்க…"

"இந்தக் கண்ணாடியப் போட்டா என் பொண்டாட்டியே கூட வர மாட்டேங்கறா" என்று அவரும் சிரித்தார். பிறகு ஓர் உறையைப் பிரித்துச் சில படங்களை மேசையில் பரப்பினார். "சிக்கின பாஸ்போர்ட்டுல இருந்ததுங்க. பேரு பொய், ஊரு பொய், படம் மட்டும்தான் நிஜம். எடுத்தவன்தான் முக்கியப் புள்ளி. ஒவ்வொரு ஸ்டுடியோவா ஏறி இறங்கிப் படம் எடுத்துப் பாத்துட்டேன். எனக்கு எல்லா வெள்ளையும் ஒரே மாதிரிதான் தெரியுது."

"யார் மேலயாவது சந்தேகமா சார்?" என்று மனைவி கேட்டாள்.

"அடுத்த தெரு ஸ்டுடியோக்காரன் மேல. தொழில் தெரிஞ்ச நீங்க ஒரு வார்த்தை சொன்னா, இப்பவே போய் அள்ளிடுவேன்."

"அவனேதான் சார்! பாத்தாலே தெரியுதே" என்ற மனைவி, கணவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்களேன்."

புகைப்படக்காரர் படங்களை விளக்கடியில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"அவனா? அவன் கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டறவன் சார்! அவன்கிட்ட படம் எடுத்தவங்கள்ல பாதிப் பேருக்குக் காதே இருக்காது. இந்த அம்மா முடியப் பாருங்க, இழை இழையா நிக்குதா இல்லையா? ஓரத்துல ஒரு சாம்பல் காட்டுங்க பாக்கலாம்! இந்த வெள்ளைக்காக அந்த அம்மாவை நிக்க வெச்சு நாயா உழைச்சவன் நான் சார், நான்! பேரு மட்டும் அவனுக்கா?"

முத்திரைகளையும் வெற்றுப் பாஸ்போர்ட்டுகளையும் ஒன்றுவிடாமல் மூட்டை கட்டிப் பின்வாசல் வழியாகக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டு, அப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த மனைவி, தலையில் அடித்துக்கொண்டாள்.