நேராக வந்த மூக்கு

பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானத்துக்குத் தான் ஒரு படிப்பாளி என்ற கர்வம் உண்டு. கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த ராணுவ விமானப் படங்கள் அத்தனையும் அதற்கு மனப்பாடம்; வாலைப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்லிவிடும். எல்லாமே பக்கவாட்டில் வரைந்த படங்கள்.

ஒருநாள் அது பறந்துகொண்டிருந்தபோது, இறக்கையில் ஓசியில் தொற்றிக்கொண்டு வந்த காக்கை அலறியது.

“அண்ணே, எதிரே என்னமோ வருது! ஒதுங்குங்க!”

“பதறாதே. ஒத்தை வாலா, ரெட்டை வாலா?”

“வால் எங்கே தெரியுது? மூக்குதான் தெரியுது. நேரா நம்மளப் பார்த்து வருது!”

குட்டி விமானம் யோசித்தது. நேராக வரும் மூக்கு எந்தப் படத்திலும் இல்லை.

“அப்ப அது ராணுவ விமானமே கிடையாது. நம்ம ஆளுதான், அவனே ஒதுங்குவான்.”

தலைக்கு மேல் வானமே கிழிந்த மாதிரி ஒரு சத்தம். குட்டி விமானம் மூன்று கரணம் அடித்து, கத்தரித் தோட்டத்தில் தலைகீழாக விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே, தூரத்தில் மறையும் வாலைப் பார்த்துவிட்டது.

“ரெட்டை வால்! போர் விமானமேதான்! எப்படிக் கண்டுபிடிச்சேன் பார்த்தியா?”

பாதி இறகு போன காக்கை கத்தரிச் செடிக்கடியில் பதுங்கியது. “அண்ணே, அதுங்க ஜோடியாத்தான் வரும். இதோ அடுத்தது, தாழ்வா வருது!”

“வரட்டும், வரட்டும். கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பச் சொல்லு.”