நான்காவது ஆள்

லண்டன் குரோய்டன் பூங்காவில் பேஸ்பால் ஆட்டம் தொடங்க இன்னும் ஐந்தே நிமிடம். மட்டைகளின் மீது மெல்லிய வெயில் வழுக்குகிறது. கிளப் செயலாளர் தியாகராஜா, நாட்டுக்கே காவல் தான்தான் என்பதுபோல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார். வரிசையில் நிற்கும் ஒன்பது பேரில் வெனிசுவேலாக்காரன் ரமிரோவிடம் மட்டும் கையை நீட்டி, ஆங்கிலத்தில் அதட்டுகிறார். "பாஸ்போர்ட்டைக் காட்டு. இல்லாவிட்டால் இன்று உனக்கு ஆட்டம் கிடையாது." பாஸ்போர்ட் ரமிரோவின் பையில்தான் இருக்கிறது. அவன் எடுக்கவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு, காலணியில் ஒட்டிய சூயிங்கம்மைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்க்கிறான். "மட்டையடிக்கும் வரிசையில் நான் நான்காவது. முதல் மூன்று பேரிடம் கேளும். என் முறை வந்ததும் காட்டுகிறேன்." முதல் ஆள் செயலாளரின் மகன் யனுஷன். ஹெல்மெட்டைக் கழற்றியபடி முன்னால் வருகிறான். "கேளுங்கோ அப்பா, காட்டுறன். பிறகு நீங்கள் ஆருடைய பாஸ்போர்ட்டிலை லண்டன் வந்து இறங்கினனீங்கள் எண்டு எல்லாருக்கும் சொல்லுறன்." ரமிரோவுக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய கை, வளைக்குள் ஓடும் எலியாகக் காற்சட்டைப் பைக்குள் ஒளிவது மட்டும் நன்றாகத் தெரிகிறது. விடுவானா? "அடுத்தது யார்? கேளும்," என்கிறான்.