சவுரிராயனின் சிபாரிசு

“நாளைக்கு எம் பொண்ணுக்கு இன்டர்வியூங்க…”

வாசலில் நின்ற சவுரிராயன் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. கையில் ஒரு பை மல்லாட்டை, சொந்தக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலை. அதைப் பார்த்ததுமே பேராசிரியர் ஜெகதீசனுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

“சிபாரிசுக்கு வந்தியா? ஊர்ல எங்க நிலத்துல ஏர் ஓட்டினவனாச்சேன்னு பார்க்கிறேன். போ.”

“அதில்லீங்க சின்னய்யா, ஒரே ஒரு வார்த்தை…”

“பையை எடுத்துக்கினு போன்னு சொல்றேன்ல?”

கதவு சாத்தப்பட்டது. யாருக்கும் சிபாரிசு செய்யாத மனிதர் என்று திண்டிவனம் முழுக்க ஜெகதீசனுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில் அவருக்கே கொஞ்சம் மயக்கம் உண்டு.

மறுநாள் விழுப்புரத்தில் இன்டர்வியூ. காலனிய வரலாற்றுக்கு ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் இடம். தேர்வுக் குழுவில் ஜெகதீசன், அருணா மேடம், இன்னும் இரண்டு பேர்.

சவுரிராயனின் மகள் ஜெசிந்தா உள்ளே வந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் பண்ணைகளில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களைப் பற்றி அவள் ஆராய்ச்சி. கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில்.

“எல்லாம் சரிம்மா,” என்றார் அருணா. “ஆளுங்களைக் கட்டி வெச்சி அடிச்ச ஒரு பண்ணையைப் பத்தி எழுதியிருக்கீங்க. யார் பண்ணைன்னு பேரையே காணோமே?”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

“தெரியாதா?”

“தெரியும் மேடம். இங்க சொல்ல முடியாதுங்க.”

“பேரை மறைச்சா அது வரலாறாம்மா? நாங்க எப்படி மார்க் போடறது?”

“பரவாயில்லீங்க.” சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவம், வீட்டுக்கே முதல் படிப்பு அவளுடையது.

ஆராய்ச்சியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வந்திருந்த ஜெகதீசன் இப்போதுதான் நிமிர்ந்தார்.

“எந்த ஊர்ப் பண்ணை?”

“உங்க ஊருதான் சார்.”

அந்த ஊரில் இருந்தது ஒரே பண்ணை.

ஜெகதீசன் தன் மார்க் தாளை அருணா பக்கம் நகர்த்தினார். அப்புறம் எழுந்தார்.

“எங்க தாத்தா பண்ணை மேடம். எழுதிக்குங்க. இந்தப் பொண்ணுக்கு நான் மார்க் போடறது முறையில்ல. நீங்க மூணு பேரும் போடுங்க.”

போட்டார்கள். மனசாரப் போட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சவுரிராயன் உட்கார்ந்திருந்தார், அதே பையோடு. ஜெகதீசன் நேராக அவரிடம் போனார்.

“நேத்து என்ன சொல்ல வந்தீங்க?”

அவரை ஜெகதீசன் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. சவுரிராயன் பதறி எழுந்தார்.

“பண்ணை பேரை மட்டும் பாப்பாகிட்ட கேட்டுடாதீங்கன்னு சொல்லத்தாங்க பயந்துகினே வந்தேன். நாலு பேர் முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு ஆயிடக் கூடாதுங்களே…”