சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா

திரேஸ்புரத்தில் குடியை எதிர்த்து நிற்கும் பெண்கள் சங்கத்துக்கு இன்று வெள்ளிவிழா. அதைத் தொடங்கிய மிக்கேலம்மாள் மேடையேறியதும் அப்படியே நின்றுவிடுகிறாள். கடற்காற்றில் படபடக்கும் பேனரில், அவள் படத்துக்கு மேலே, பார் நடத்தும் பாண்டித்துரை சிரிக்கிறான். "இவன் எப்படிளா இங்கன?" என்கிறாள். செயலாளர் ஜெனிஃபா தலையைக் குனிந்துகொள்கிறாள். "அவுக காசுலதான் விழாவும் சங்கமும் நடக்கு, பெரியம்மா. இல்லன்னா சங்கத்தயே மூடியிருப்போம்." அதற்குள் பாண்டித்துரையே வந்து மிக்கேலம்மாள் தோளில் பொன்னாடை போர்த்துகிறான். கைதட்டல் எழுகிறது. முன்வரிசையில், நேற்றுக் குடித்துவிட்டு வந்த புருஷன் அடித்ததில் கன்னம் வீங்கிப்போன பெண்ணும் தட்டுகிறாள். பொன்னாடை வழுக்கி விழ, மிக்கேலம்மாள் கீழே இறங்கிப் போய், அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்து நிறுத்துகிறாள்.