குட்டி ரயிலின் துரோகி

"அண்ணே, ரயிலை மூடச் சொல்லி நீங்களே போயி எழுதிக் குடுத்தீங்களா?"

ஜெயமுருகன் கேட்டபோது டிக்சன் பூங்கா கேன்டீன் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

கொடைக்கானல் வில்பட்டி ரோட்டில் இருக்கிற அந்தச் சின்னக் கேளிக்கைப் பூங்காவுக்கு வருஷ பாஸ் எடுத்த உள்ளூர்க்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். எந்த ராட்டினம் ரிப்பேர், எது எப்போது திறக்கும், கொலம்பஸ் கப்பலுக்கு ஏன் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை என்று நாள் முழுக்க விவாதம் நடக்கும். சாக்லேட் கடை ஜெயமுருகனும், லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் ஹெப்சிபாவும் அதில் முக்கியப் புள்ளிகள். தலைவர், பள்ளிக்கூட லேப் அசிஸ்டென்ட் டிக்சன்.

போன மாதம் பூங்காவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். குட்டி ரயில் நிறுத்தப்படுகிறது. அந்த இடத்தில் 'பனி அறை' வருகிறது.

குழு கொதித்துப்போனது.

"கொடைக்கானல்ல பனி அறையா? காலையில ஆறு மணிக்கு எங்க வீட்டு பாத்ரூமுக்கு வரச் சொல்லுங்க" என்று ஹெப்சிபா எழுதினாள். எண்பது பேர் சிரித்தார்கள்.

'ரயிலைக் காப்போம்' என்று மனு எழுதியவரே டிக்சன்தான். முந்நூற்றுச் சொச்சம் கையெழுத்து. நிர்வாகம் இறங்கிவந்து, இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுகிறோம் என்றது. ரயில் பிளாட்பாரத்திலேயே கேக் வெட்டினார்கள்.

அதே டிக்சன் பத்தாம் நாள் தனியாகப் போய், ரயிலை நிறுத்திவிடுங்கள் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ்காரர்களின் தலைவரே சொல்லிவிட்டார் என்று, மறுநாளே மூடும் தேதியை ஒட்டிவிட்டார்கள்.

"சொல்லுங்கண்ணே. எதுக்கு?"

"பழைய ரயிலுப்பா. இன்னும் எத்தனை நாளைக்கு அதையே கட்டிக்கிட்டு அழறது? பனி அறை வந்தா வரட்டுமே."

"முதல் ஆளா உள்ள போக உங்களுக்கு ஃப்ரீ பாஸோ?" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபா.

"ஜாக்கெட்டும் தர்றாங்களாம்."

"மனுவுல 'இந்த ரயில் எங்கள் உயிர்'னு எழுதினது யாருண்ணே?"

"ஒரு வேகத்துல எழுதினதும்மா அது."

ஜெயமுருகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினாறு வருஷமா அந்த இஞ்சினை ஓட்டுறாரு வேல்ராஜ் அண்ணன். அவரு முகத்துல எப்படி முழிப்பீங்க?"

டிக்சன் கை கழுவ எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் ஜெயமுருகன் அவரைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தான். 'விலைபோயிட்டார்' என்று ஹெப்சிபா கீழே ஒரு வார்த்தை போட்டாள்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வெள்ளனே ஜெயமுருகனும் ஹெப்சிபாவும் வேல்ராஜுக்குப் போர்த்த ஒரு சால்வையோடு போனார்கள். நல்ல மூட்டம். காதை மஃப்ளரால் சுற்றிக்கொண்டு வேல்ராஜ் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ரவுண்டு போவோம்ணே."

ஏறி உட்கார்ந்த ஹெப்சிபா இரண்டு பக்கமும் தடவினாள். "பெல்ட் எங்கண்ணே?"

"இதுல பெல்ட் கெடையாதும்மா. அந்தச் சங்கிலியை மாட்டிக்கிட்டாப் போதும்." வேல்ராஜ் திரும்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் ஏறினதில்லையோ?"

ஜெயமுருகன் அவசரமாகப் போனைப் பார்த்தான்.

"வந்தா ராட்டினத்துப் பக்கமே போயிடுறோம்..." என்று இழுத்தாள் ஹெப்சிபா.

"பாஸ்காரங்கள்ல வாராவாரம் ஏறுறது டிக்சன் சார் ஒருத்தருதான். என் பின்னாடி சீட்டுலதான் உட்காருவாரு."

ரயில் கிளம்பியது. டீசல் புகை பனியோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. முதல் வளைவிலேயே வேல்ராஜுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடவில்லை. வண்டியை நிறுத்தினார். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தார்.

மூச்சு சீரானதும் ஜெயமுருகன் கேட்டான்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணே?"

"காட்டியாச்சு. புகையும் பனியும் ஆகாது, இன்னொரு குளிர்காலம் தாங்காதுன்னுட்டாரு. நாளையிலேர்ந்து டிக்கெட் கவுன்ட்டருக்குள்ள உட்கார்ற சோலி. ரயிலு நின்னாத்தான் அது கிடைக்கும். இந்தப் பழைய இஞ்சினை ஓட்ட வேற ஆளு இல்ல பாருங்க."

"அப்ப... நாங்க மனு குடுத்து ஜெயிச்சோமே?"

"அன்னைக்கு நானும்தான் கேக் சாப்பிட்டேன்மா."

ஹெப்சிபாவின் கையில் சால்வை பிரிக்கப்படாமலே இருந்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

"முந்நூறு பேரு ஆசையா ரயிலு வேணும்னு நிக்கும்போது, எனக்கு முடியலன்னு எந்த வாயால சொல்றது? டிக்சன் சாருகிட்ட மட்டும்தான் சொன்னேன்." வேல்ராஜ் பிரேக்கைத் தளர்த்தினார். "உங்க பேரு வெளிய வரவேண்டாம், கெட்ட பேரு என்னோட போகட்டும்னுட்டாரு."