நேரில் வராதவர்கள்

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். அதில் ஐம்பத்திரண்டு பேர் புதுச் சாலை வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள்.

அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாக வாங்கி அடுக்கினார். பிறகு பையிலிருந்து தடிமனான கோப்பு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இது வெளிநாட்டுல இருக்கற உங்க ஊர்க்காரங்க அனுப்பினது. நானூத்திப் பதினேழு கையெழுத்து. எல்லாரும் ரோடு வேணும்னு கேக்கறாங்க."

யாரும் சத்தம் போடவில்லை. வெளிநாட்டு ஊர்க்காரர்களின் சங்கத் தலைவர் அமைச்சரோடு நிற்கும் படம் போன வாரமே பேப்பரில் வந்துவிட்டது. கூட்டம் நடந்த மண்டபமே அந்தச் சங்கம் கட்டிக் கொடுத்ததுதான்.

கழுத்தில் இன்ச் டேப்போடு தையல்காரி ஒருத்தி எழுந்து போய்க் கோப்பைப் பார்க்கக் கேட்டாள். விமான நிலையத்துக்குப் போகும் அந்தச் சாலை அவள் வீட்டுத் தையல் அறைக்கு நடுவே வருகிறது. போன மாதமே அவள் தெரு முழுக்கச் சுவர்களில், இடிப்பதற்காக, சிவப்பு மையால் எண் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

புரட்டிக்கொண்டே வந்தாள். வாத்தியார் மகன். மருந்துக்கடைக்காரரின் இரண்டு மருமகள்கள். ஒன்பதாம் பக்கத்தில் கை நின்றது.

தம்பியின் கையெழுத்து. பக்கத்தில், சொந்த ஊர் முகவரி என்ற கட்டத்தில், அவள் வீட்டுக் கதவு எண்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். வீட்டுக்குச் சொந்தக்காரரே சம்மதம் சொல்லியிருக்கிறாரே என்றார், குத்திக்காட்டாமல். வீட்டுப் பத்திரத்தில் அக்கா, தம்பி இருவர் பேரும் உண்டு.

ஜன்னலோரம் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஆமாக்கா, நானும் போட்டேன்" என்றான் உற்சாகமாக. "ஏர்போர்ட்ல இறங்கி வர மூணு மணி நேரம் ஆகுதுல்ல? ரோடு வந்துட்டா முக்கால் மணியில வீட்டுக்கு வந்துடலாம்."

"எந்த வீட்டுக்குடா?"

அக்கா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தான். சாலை எதன்மேல் வருகிறது என்று அவள் நிதானமாகச் சொன்னாள். தனியாகக் கிடக்கிறவனுக்கு எதற்குக் கவலை என்று இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தாள்.

சங்கத்தில் வரைபடம் எதுவும் காட்டவில்லை என்றான். கொஞ்சம் கழித்து, நானும் கேட்கவில்லை என்றான். போனை அதிகாரியிடம் கொடுக்கச் சொன்னான்.

கையெழுத்தை அங்கிருந்தே அனுப்பலாம், வாபஸ் வாங்க மட்டும் ஆள் நேரில் வரவேண்டும், பதினைந்து நாளுக்குள், என்றார் அதிகாரி. விதி அப்படி.

அதோடு சரி என்று அவளுக்குத் தோன்றியது. பதினோரு வருடமாக அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்கிறவன். அம்மா முகத்தைக் கடைசியாகப் போனில்தான் பார்த்தான்.

போன் அவள் கைக்குத் திரும்பி வந்தது.

"அக்கா, அந்த லிஸ்ட்ல நம்ம தெருக்காரங்க பேரை மட்டும் படி."

அவள் விரல் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு பேருக்கும் சற்று யோசித்து, வருவான் என்றான். சிலருக்கு, கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

ஒன்பதாம் பக்கம் வந்தது. மற்றவர்கள் பேரைப் படித்த அதே குரலில் அவன் பேரையும் படித்தாள்.



"வர்றான்" என்றான்.