இடுப்பு வளையத்தில் ஒரு சாவி

"அந்த அலமாரியைத் துடைக்கிறது நீதானேம்மா?" என்று யூதரான வைன்ட்ராப் ஒருமுறை மடத்து வேலைக்காரியான என்னிடம் கேட்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். இன்று விஷயத்தை நேராக சிஸ்டர் கோடெலீவிடமே கேட்கிறார். கத்தோலிக்கரும் யூதரும் மாதமொருமுறை பேசிப் பழகும் கூட்டம் கலைந்துவிட்டது. கன்னியர் மடத்து வரவேற்பறையில் இவர்கள் இருவர்தான் மிச்சம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகர மழையின் வெளிச்சம் மேசைமேல் சாம்பலாய்க் கிடக்கிறது. நான் கோப்பைகளை அடுக்குகிறேன். வைன்ட்ராபின் காப்பி மட்டும் தொடப்படாமல் ஏடு கட்டியிருக்கிறது. "போர்ல நாஜிகள்கிட்டேருந்து என் தங்கச்சியை இங்கதான் ஒளிச்சு வச்சாங்க. என்ன பேர்ல ஞானஸ்நானம் குடுத்தீங்க? அது தெரிஞ்சாத்தானே தேட முடியும்?" "தெரிஞ்சா நேரா அவளை வளத்தவங்க வாசல்ல போய் நிப்பீங்க. உயிரைக் காப்பாத்துனதுக்கு விசாரணை வேறயா?" என்கிறார் சிஸ்டர். "நாலு வருஷமா காப்பிதான் குடுக்குறீங்க சிஸ்டர், ஞானஸ்நானப் புத்தகத்தைக் குடுக்கல." "அதான் எரிஞ்சுபோச்சுன்னு சொன்னேனே!" வாரந்தோறும் சிஸ்டர் பூட்டைத் திறந்துவிட, அந்த அலமாரிக்குள் நான் தூசி தட்டும் புத்தகம் அது. என் கண் என்னை மீறி அலமாரிக்குப் போய்த் திரும்புகிறது. வைன்ட்ராப் அதைப் பார்த்துவிடுகிறார். அவர் பார்த்ததை சிஸ்டரும் பார்க்கிறார். சிஸ்டரின் விரல்கள் இடுப்பிலுள்ள சாவி வளையத்துக்குப் போகின்றன. அலமாரியின் சாவி கழன்று வருகிறது. அதை ஆறிய காப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பாராமல் வெளியே போகிறார்.